பம்பரை பிளேட்டிங்குக்கு அனுப்பும் முன்...



என் மாமனாரின் 1972 மாடல் அம்பாசடர் இப்போது மைத்துனர் மகனிடம் இருக்கிறது. போன வாரம் படம் அனுப்பியிருந்தான். "மாமா, பம்பர், கிரில், வீல் கப், கைப்பிடி எல்லாத்தையும் கழற்றி குரோம் பிளேட்டிங் போடப் போறேன். புது வண்டி மாதிரி ஆயிடும்" என்றான். "அவசரப்படாதே" என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டான். பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பம்பரில் நாம் பார்க்கும் குரோமியப் படலம் ஒரு மைக்ரான் கூட இருக்காது. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இரும்பைக் காப்பது பெரும்பாலும் அதற்கு அடியில் உள்ள நிக்கல்தான். படலத்தில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக ஈரம் இறங்கித் துரு மேலே புள்ளி புள்ளியாக வரும். பார்ப்பதற்கு எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும். பல நேரம் போயிருக்காது.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தை விட மென்மையானது, கீறாது. துடைத்து உலர்த்தி மெழுகு பூசுங்கள். உப்புத்தாள் வேண்டாம். குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளி போட்டு ஊறவைக்கவும் வேண்டாம். புளிப்பு துளை வழியே இறங்கி இரும்பை அரிக்கும். முலாம் உரிந்து இரும்பே தெரிந்தால்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

பட்டறையில் பழைய முலாமை நீக்கி, பஃபிங் செய்து, நிக்கலும் குரோமியமும் ஏற்றுவார்கள். ஒவ்வொரு பஃபிங்கிலும் கொஞ்சம் உலோகம் போகும். சில வருடங்களுக்கு முன் இதே வண்டியின் பானட் எழுத்துச் சின்னத்தை ஒரு பட்டறையில் கொடுத்தேன. திரும்பி வந்தபோது கண்ணாடி போலப் பளபளத்தது. ஆனால் எழுத்துகளின் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது. இன்று வரை என் மனைவி அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அந்தக் காலத்துக் கைப்பிடிகளும் சின்னங்களும் பல துத்தநாகக் கலவையில் வார்த்தவை. குழி விழுந்துவிட்டால் சரிசெய்வது கடினம். உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டது. கெடுத்துவிட்டு, அதே போல் அசல் பாகம் தேடி அலைவது சிரமம்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்று அந்தப் பட்டறையில் "வணக்கம் சார்" என்று ஒருவன் வந்து நின்றான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். கையுறை இல்லை. விரல் இடுக்கில் புண்கள். கேட்டதற்கு "பழகிடுச்சு சார்" என்று சிரித்தான். பிளேட்டிங் தொட்டியில் வழக்கமாக இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். தோலில் பட்டால் புண், ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை, நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு ஆலை மூடிய பின்னும் பல வருடங்கள் கழிவு குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை நம் ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

முலாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பலருக்குப் பிழைப்பு. தேவையான பாகத்துக்கு மட்டும் போடுங்கள். கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: கையுறை உண்டா? ஆவியை இழுக்கும் விசிறி உண்டா? கழிவு நீரைச் சுத்திகரிக்கிறார்களா? மூன்று இணைதிறன் குரோமியத்தில் செய்ய முடியுமா? நிறம் சற்று மாறுபடலாம், ஆபத்து மிகக் குறைவு. இவையெல்லாம் செய்யும் பட்டறை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள்.

மைத்துனர் மகன் இப்போது முன் பம்பரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பாதிக்கு மேல் தெளிந்துவிட்டதாம். பின் பம்பர் மட்டும் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.

உங்களில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம்.