மறதி நோய்க்குச் சித்தர் பட்டமா?

திருவண்ணாமலையில் புத்தி தடுமாறிய கிழவர்களுக்கு இரண்டே கதிதான் இருக்கின்றது. வீட்டிற்குள் தனியாகக் கிடந்தால் "வயதானால் அப்படித்தான்" என்கின்றார்கள். அதே கிழவர் கிரிவலப் பாதைக்கு வந்து, அழுக்குத் துணியோடு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் "சித்தர்" என்று காலில் விழுகின்றார்கள். இரண்டிலும் டாக்டருக்கு இடமில்லை!

டிமென்ஷியா என்பது மூளை கெடுகின்ற நோயே தவிர முன்ஜென்ம வினையுமல்ல, முக்தி நிலையுமல்ல. அல்சைமர் என்கின்ற ஜெர்மன் டாக்டர், இறந்துபோன நோயாளியின் மூளையைச் சோதித்து, அதிலிருந்த கேட்டை 1906-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் ஓர் ஆராய்ச்சிக் கணக்கு வெளியாயிற்று.

தனியாக வாழ்கின்ற கிழவியின் நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். காலையில் பேத்தி போனில் பேசியது மறந்துபோகும். ஐம்பது வருஷத்திற்கு முந்திய கலியாணச் சாப்பாடு ஞாபகமிருக்கும். ஆகையால் வாசலில் இரண்டு நிமிஷம் பேசுகின்றவன் "பாட்டிக்கு என்ன, கல்லுப்போல் இருக்கிறாள்" என்று போய்விடுகின்றான். அடுப்பைப் பற்றவைத்து மறந்ததும், ஒரே மாத்திரையை மூன்று தரம் விழுங்கியதும், சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்றதும் எவனுக்குத் தெரியும்? பெங்களூரில் கூலிக்கு உழைக்கின்ற மகனை வைவது சுலபம்; வைது என்ன பயன்?

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுதல் ஆகியவற்றாலும் இதே தடுமாற்றம் வரும். இவற்றை மருந்தாலோ ரண சிகிச்சையாலோ பெரும்பாலும் சரிப்படுத்தலாம். அப்படிப்பட்ட ஒருவரது எச்சிலைப் பிரசாதமென்று வாங்கித் தின்கின்ற பக்தன், அவரைச் சாகவிடுகின்றானா இல்லையா?

நினைவு கெட்டு, தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் திரிகின்றவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்லுகின்றது. பௌர்ணமிதோறும் கூட்டத்திற்குக் கயிறு கட்ட வருகின்ற போலீசார் அந்தப் பிரிவைப் படித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வருகின்றது, நல்ல காரியந்தான். மாத்திரை கொடுக்கின்றபோதே "இன்று என்ன கிழமை? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, தடுமாறுகின்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எத்தனை லட்சம் செலவாகும்? பக்தர்களும் கிழவரின் காலைத் தொடுமுன் அவர் பேரையும் ஊரையும் கேட்கட்டும். சொல்லத் தெரியாவிட்டால், 14567 என்கின்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டுப் பிறகு மலையைச் சுற்றட்டும்.