ஏற்றத்தில் திக்கும் டர்போ கார்... பழி டர்போ மேலா?

கேள்வி: “எங்களிடம் இருப்பது 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். இரண்டாம் கையாக வாங்கியது. 70,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வர ஒரு தொந்தரவும் இல்லை. பாச்சலூர் மலை ஏறும்போது மட்டும் திக்கித் திக்கிப் போகிறது, செக் இன்ஜின் விளக்கும் விட்டுவிட்டு எரிகிறது. ‘டர்போ போச்சு, 65,000 ரூபாய் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். முருங்கை விலை படுத்துக் கிடக்கிறது. அடுத்த மாதம் மகளைப் பிரசவத்துக்கு மலையிலிருந்து அழைத்துவர வேண்டும். டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?”
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சொல்லியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், டர்போ மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வர வேண்டும். டர்போ கெட்டால் வண்டி இழுக்காது, நீலப் புகை வரும், ஆயில் குறையும், சில வண்டிகளில் விசில் மாதிரி சத்தம் கேட்கும். திக்கித் திக்கிப் போவது மிஸ்ஸிங். அதாவது, ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

சமதளத்தில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் ஏன் மிஸ் ஆகிறது? ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டர்போ கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் கூடக் கூட, ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக்கும் தளர்ந்த காயிலும் ஐடிலிங்கில் சமாளித்துவிடும். பாரம் ஏறினால் கைவிட்டுவிடும். ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி ரேஸ் செய்து பார்த்துவிட்டு, ‘பிளக், காயில் எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான்.

முதல் வேலை, ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது. பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0303 என்றால் மூன்றாவது. பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. டர்போ போதிய அழுத்தம் கொடுக்கவில்லை என்றால் வருவது பி0299. மெக்கானிக்கிடம் இந்த எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். எண்ணைக் காட்டாமல் 65,000 கேட்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

பி0301 வந்ததாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, அங்கிருந்ததை இங்கே மாட்ட வேண்டும். கோடை அழித்துவிட்டு அதே மாதிரி ஏற்றத்தில் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். இப்போது பி0303 வந்தால், குற்றம் காயிலோடு இடம் மாறிவிட்டது. அந்த ஒரு காயிலை மாற்றினால் போதும். மறுபடி பி0301 வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்குகளை இதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பாகங்களை வாங்கிக் குவிப்பது வீண்.

பிளக்கைக் கழற்றும்போதே சிலவற்றைக் கவனிக்கலாம். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதியதும் கெடும். காயிலின் ரப்பர் உறையில் வெடிப்போ, கருகிய கோடோ இருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. டர்போ இன்ஜின்களில் பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.7 - 0.8 மி.மீ. தான். டர்போ இல்லாத பல கார்களில் 1 மி.மீ. அளவுக்கு இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பிளக்கைப் போட்டால், ஏற்றத்தில் இதே கதைதான். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். போலி பிளக்குகளும் கடைகளில் புழங்குகின்றன, பில்லோடு வாங்குவது நல்லது.

கிராமத்து வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு: எலி. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில், காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும் ஒயர்களைக் கடித்து வைத்திருக்கும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். டர்போவிலிருந்து வரும் ஹோஸ்களில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இவற்றிலெல்லாம் குறை இல்லையென்றால், பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் சோதனை. அதற்கு மேல்தான் டர்போவைக் கழற்றிப் பார்க்கும் பேச்சு.

ஒரு எச்சரிக்கை. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மினுக்கினால் உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். அது கெட்டால் காயிலைப் போலப் பல மடங்கு செலவு. அந்தச் சூட்டோடு வண்டியைக் காய்ந்த புல் மேலோ, வைக்கோல் மேலோ நிறுத்தினால் தீப்பிடிக்கும். இன்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இந்த வண்டிகளுக்கு ஆகாது. ஷாக் அடிக்கும், கன்வெர்ட்டருக்கும் கேடு.

மகளை அழைத்துவரும் நாளுக்கு முன்பே, வீட்டு ஆட்கள் மட்டும் ஏறி, அதே மலைப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். விளக்கு மறுபடி மினுக்கினால் அன்றைக்கு வாடகை வண்டி பிடிப்பதுதான் சரி. அவசரம் என்றால் இருக்கவே இருக்கிறது 108.

கேள்வி: “டீசல் பிக்கப்பிலும் இப்படித்தான் பார்க்க வேண்டுமா?”
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: இல்லை. டீசலில் காயிலும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் எரிகிறது. அதில் மிஸ்ஸிங் வந்தால் முதலில் டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் இன்ஜெக்டர். கேனில் வாங்கிவந்து ஊற்றும் டீசலை வடிகட்டாமல் ஊற்றக் கூடாது.