மலைப்பாதையில் திரும்பிவரும் உரிமை

நகரத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள், முன்பின் அறிமுகமில்லாதவர்களோடு ஒரு குழுவாகச் சேர்ந்து, வெள்ளி இரவுப் பேருந்தில் கிளம்பி, சனிக்கிழமை மலையேறி, கூடாரத்தில் ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலை இறங்கி, திங்கள் காலை அலுவலகத்துக்கு வந்து சேரும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்று வேரூன்றிவிட்டது. இதைப் பொழுதுபோக்கு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது. காட்டைப் பற்றிய அறிவு இல்லாத பலர், காட்டை ஓரளவு அறிந்த சிலரிடம் தங்கள் உயிர்ப் பாதுகாப்பை ஒப்படைக்கிற ஏற்பாடு இது. அந்த ஒப்படைப்பின் விதிகள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. மலை ஏறத் தொடங்கிய பின் எழும் முக்கியமான கேள்வி, ஆபத்தின் அறிகுறி தெரிந்தவுடன் திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது, பல குழுக்களில் எழுப்பப்படாமலேயே விடப்படுகிறது.

இவ்வழக்கத்தின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. விடுதி அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையே வாழ்க்கை சுருங்கிப்போன ஓர் இளம்பெண்ணுக்குத் தனியாகக் காட்டுக்குப் போவது சாத்தியமில்லை. குடும்பத்தோடு போனால் கோயிலும் சுற்றுலாத் தலமும்தான் வாய்க்கும். குழு ஒன்றுதான் அவருக்கு மலையின் கதவைத் திறக்கிறது. சாதி, ஊர், சம்பளம் எதுவும் விசாரிக்கப்படாமல் ஒரே குடத்துத் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டு, பின்தங்கியவரின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அனுபவம் நம் சமூகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதல்ல. ஆகவே விபத்து நேரும்போதெல்லாம் எழும் ‘இவர்களுக்கு ஏன் இந்த வேலை’ என்ற குரல், குறிப்பாகப் பெண்களை நோக்கி எழும்போது, கொடுமையான குரலாகிவிடுகிறது.

அந்தக் குரல் உரத்து ஒலித்தது 2018 மார்ச் 11-க்குப் பிறகு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. ஒன்று சென்னையிலிருந்து வந்தது, மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்தது. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். அன்றும் அதையடுத்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே தீக்காயம் பட்டவர்களைத் தேடி ஓடியவர்கள் சுற்றுவட்டார மலைக்கிராம மக்கள். குழுக்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசு அப்போது கூறியது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணையும் நடந்தது. அனுமதிச் சீட்டு இருந்ததா இல்லையா என்ற வாதத்திலேயே பொதுவெளி நின்றுவிட்டது. தீ எப்படி நகர்கிறது என்பதை யாரும் போதுமான அளவு பேசவில்லை.

மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் எரியும் தீ தனக்கு மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுவதால் மேட்டை நோக்கி அது பாயும் வேகம் சமதளத்தில் பரவும் வேகத்தைவிடப் பன்மடங்கு. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது காட்டுத்தீ அணைப்போரின் கைக்கணக்கு. ஓடைப்பள்ளம் ஒதுங்குமிடம்போலத் தோன்றினாலும், சூடான காற்றை மேலே உறிஞ்சும் புகைபோக்கியாக அது மாறிவிடுகிறது. ஏற்கெனவே எரிந்து கரியாகிப்போன நிலமும் புல்லற்ற வெறும் பாறையுமே ஓரளவு புகலிடமாகும். இந்த அறிவு நகரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இல்லாமலிருப்பது குற்றமாகாது. ஆனால் அந்த அறிவு உள்ள ஒருவர், குழுவை நிறுத்தும் அதிகாரத்தோடு உடனிருந்திருக்க வேண்டும்.

அறிவு இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் வேறொரு நிலப்பரப்பிலிருந்து விடை தருகிறார். பனிச்சரிவில் சிக்கிய பொழுதுபோக்குக் குழுக்களின் 715 விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பாதிக்கப்பட்டவர்களில் பலர் பயிற்சி பெற்றவர்கள் என்றும், ஆபத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் கண்ணெதிரே இருந்தன என்றும் காட்டியது. அவர்களை வீழ்த்தியவை மனக் குறுக்குவழிகள். அதாவது ஒவ்வொன்றையும் அலசிப் பார்க்காமல் பழக்கத்தைக் கொண்டு சட்டென முடிவெடுக்கும் இயல்பு. தெரிந்த இடம்தானே என்ற நம்பிக்கை, எடுத்த முடிவிலிருந்து பின்வாங்கக் கூச்சம், தலைவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற எண்ணம், மற்றவர்கள் முன் தயங்கி நிற்க விருப்பமின்மை ஆகிய இவை குழுவில் இருக்கும்போது வலுப்பெறுகின்றன. பனிச்சரிவே நேராத தமிழக மலைகளுக்கும் இது பொருந்தும். ஏனெனில் தனியாக நடப்பவர் புகையைக் கண்டால் திரும்பிவிடுவார், குழுவில் நடப்பவரோ அடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

இதோடு நாட்காட்டியின் நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று, திரும்பும் பேருந்துக்கு முன்பதிவும் முடிந்துவிட்டது என்ற நிலையில், வானிலை மாறிவிட்டது என்று சொல்லத் துணிபவர் அரிது. உத்தராகண்டின் சகஸ்ரதால் ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட கர்நாடகக் குழுவில் 9 பேர், 2024 ஜூனில் திடீரென மோசமடைந்த வானிலையில் இறந்தனர். அந்தக் குழுவுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று ஊகிப்பது முறையாகாது. ஆனால் குறித்த நாளில் ஏறி, குறித்த நாளில் இறங்கியே தீர வேண்டிய பயணத்திட்டம், காத்திருப்பதற்கு இடமே வைப்பதில்லை என்பது எல்லா மலைகளுக்கும் பொதுவானது.

குரங்கணிக்குப் பின் தமிழ்நாடு அரசு 2018-இலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, இணையவழி முன்பதிவோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடியினரும் காட்டோரக் கிராம இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டனர்; 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீப்பருவம் கருதி, பாதைகள் மூடப்பட்டன. குரங்கணி விபத்து நடந்த தேதி இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது என்பதை நினைக்கும்போது, ஏழாண்டுகளுக்கு முன்பே இப்படியொரு தடை நடைமுறையில் இருந்திருக்கக் கூடாதா என்ற வேதனை எழாமல் இருக்காது. காட்டைப் பூட்டிவிடாமல், பருவமறிந்து திறந்து மூடும் இந்த அணுகுமுறை பாராட்டத்தக்கது. குரங்கணி – சாம்பலாறு வழியும் அந்த 40-இல் ஒன்றாக இடம்பெற்றிருப்பது துணிவான முடிவே.

இருந்தபோதிலும் வழிகாட்டி என்பவர் வெறும் வழிகாட்டும் கூலியாளாகவே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. முதுவர், பளியர், இருளர், காடர், காணி எனப் பல சமூகத்தினர் தலைமுறைகளாகக் காற்றின் திசையையும் யானைத்தடத்தையும் வாசித்து வந்தவர்கள். ஆனால் ஆங்கிலம் பேசும், பணம் கட்டிய ஒரு குழுவின் முன்னால் ‘இன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் அது கேட்கப்படும் என்பதற்கு என்ன உறுதி? அந்தச் சொல்லுக்குச் சட்ட வலு வேண்டும். அதைவிட முக்கியமாக, பாதி வழியில் திரும்பினால் வழிகாட்டியின் ஊதியம் குறையாது என்றும், குழுவினரின் கட்டணம் இன்னொரு நாளுக்கு மாற்றித் தரப்படும் என்றும் முன்பதிவின்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பிவருவதால் யாருக்கும் நட்டமில்லை என்ற நிலை வந்தால்தான், மெக்கமன் குறிப்பிட்ட கூச்சம் தளரும். ஒரு வழிகாட்டியின் குரல் கடைசி ஆளுக்கும் கேட்கும் அளவில் குழுவின் எண்ணிக்கை இருப்பதும் இதன் பகுதியே.

கூடாரம்தான் இன்னும் தீர்க்கப்படாத சிக்கல். அரசின் பாதைகள் பகல்நேர நடைக்கானவை. இரவில் மலையில் தங்க விரும்புவோர் கொழுக்குமலைச் சுற்றுப்புறத்திலும் கொடைக்கானல் வட்டாரத்திலும் தனியார் நிலங்களில் முளைத்துள்ள கூடார முகாம்களுக்குப் போகின்றனர். இமயமலையின் உயர்ந்த புல்வெளிகளான புக்யால்களில் இரவு தங்குவதை 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தடைசெய்தது. ஆண்டில் சில மாதங்களே வளரும் அந்தப் புல், கூடாரத்தின் அழுத்தத்தையும் மனிதக் கழிவையும் தாங்காது என்பதே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் புல்வெளிகளும், அதாவது பள்ளங்களில் அடர்காடும் மேட்டில் புல்லுமாக அமைந்த நீர்ப்பிடிப்பு நிலங்களும், அதே அளவு மென்மையானவை. முகாம் நடத்துவோர் ஓர் இரவுக்கு எத்தனை பேரை ஏற்கலாம், கழிவறை ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், தீப்பருவத்தில் முகாமில் நெருப்பு மூட்டலாமா, நள்ளிரவில் ஒருவர் நோயுற்றால் கீழே கொண்டுவர எந்த வண்டி காத்திருக்கும் என்பவற்றை வனத்துறையும் சுற்றுலாத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் ஒரே விதித்தொகுப்பில் கொண்டுவர வேண்டும். பட்டா நிலம் என்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்று மூன்று தரப்பும் விலகி நின்றால், அடுத்த மார்ச்சில் அந்தக் கூடாரங்களைச் சுற்றிக் காய்ந்து நிற்கும் புல்லுக்குப் பட்டா எல்லை தெரியாது.