சிவப்பு இங்க்கை நம்பாதீங்க!

திண்டிவனத்திலிருந்து ஓர் இளம் தாய் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்: "குழந்தைக்கு ஊசி போட்ட தேதிகளைச் சிவப்பு இங்க் பேனாவால் எழுதி ஜன்னலோரம் மாட்டியிருந்தேன், அக்கா. இப்போ வெளிறிப் போய் ஒண்ணுமே தெரியலை."

அந்த இங்க்கின் சுபாவமே அப்படித்தானம்மா! எழுதும்போது மாதுளை முத்து மாதிரி என்ன நிறம்! பல சிவப்பு இங்க்குகளில் இருப்பது இயோசின் என்ற சாயம். 1874-ல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ என்பவர் கண்டுபிடித்தது. இயோஸ் என்றால் கிரேக்க மொழியில் விடியல். பெயரில் விடியல் இருந்து என்ன பயன், வெயில்தான் ஆகாதே!

விழுப்புரத்தில் டீச்சராக இருக்கும் என் நாத்தனார் மூட்டை மூட்டையாக நோட்டு திருத்துகிறவள். "மூடின நோட்டுக்குள்ளே நல்லாவே இருக்கும், அண்ணி. மழையில நனைஞ்சா மார்க்கெல்லாம் கரைஞ்சு ஓடிடும்" என்பாள்.

இப்படிக் கரைவதிலும் நமக்கு ஒரு லாபம் உண்டு. பருத்திச் சட்டையில் கொட்டினால், காயவிடாமல் பச்சைத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசுங்கள், பெரும்பாலும் போய்விடும். சோப்பும் வெந்நீரும் அப்புறம்தான். பட்டும் கம்பளியும் மட்டும் லேசில் விடாது. இயோசின் அவற்றுக்குச் சாயமேற்றவே பயன்பட்டது!

திண்டிவனத்துச் சகோதரியே, தேதியை உத்தேசமாகப் போட்டுவிடாதீர்கள். ஊசி போட்ட சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும். இந்த வாரமே போய்க் கேளுங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவது பாக்கியிருந்தால் அங்கேயே கேட்டுப் போட்டுவிடலாம். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வாங்கி, பீரோவுக்குள் வையுங்கள்.