தேனீப் பெட்டிக்கு மாடி எதற்கு?

அமெரிக்காவில் ஒருவருக்கு வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்கும் ஆசை வந்துவிட்டால் முதலில் அவர் கையில் ஒரு மரப்பெட்டியைக் கொடுப்பார்கள். சில மாதம் கழித்து அதன் தலைமேல் இன்னொரு பெட்டி. பூக்காலம் நன்றாக அமைந்தால் மூன்றாவது, நான்காவது. கடைசியில் தோட்டத்து மூலையில் சின்னதாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்து நிற்கும். தரைத்தளத்தில் ராணி முட்டை வைக்கிறாளா என்று பார்க்க வேண்டுமா? மேல்மாடிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி வைக்க வேண்டும். பார்த்து முடித்ததும் மறுபடி ஏற்ற வேண்டும்.

அது என்ன கனம் இருக்கும்? பத்துச் சட்டம் பிடிக்கிற ஆழமான லாங்ஸ்ட்ராத் பெட்டி தேன் நிறைந்துவிட்டால் 36 முதல் 40 கிலோ வரை வரும். சிமெண்ட் மூட்டையைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோதான் குறைவு. ஒரே வித்தியாசம், சிமெண்ட் மூட்டை கொட்டாது. இது கொட்டும்.

இந்தச் சுமையைத் தூக்க முடியாதவருக்குத் தேனீ வளர்ப்பு ஒத்துவராது என்று ஒரு சட்டம் எங்கேயும் எழுதப்படவில்லை. ஆனால் நடைமுறையில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. முதுகு பிடித்துக்கொண்டவர், அறுபது தாண்டியவர், மெலிந்த உடம்புக்காரர், சக்கர நாற்காலியில் இருப்பவர் எல்லோரும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். நிறுத்துவது தேனீ அல்ல, பெட்டி.

தேனீக்கு மாடி தேவையே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மேலே மேலே அடுக்குவதற்குப் பதில் பெட்டியைப் பக்கவாட்டில் நீளமாகச் செய்தால் தேனீ அதிலும் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். கிடைமட்டக் கூடு என்பது இதைத்தான். சுருக்கமாக நீளப் பெட்டி. இடுப்பளவு உயரத்தில் ஒரு தாங்கி, அதன்மேல் சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல வரிசையாக அடைகள். மூடியைத் திறந்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எந்த அடையையும் எடுத்துப் பார்க்கலாம். ஒரு தடவைக்குத் தூக்க வேண்டியது ஓர் அடை, அதாவது இரண்டு மூன்று கிலோ. அவ்வளவுதான்.

புது மோகமா?

இப்படிச் சொன்னவுடன் அனுபவசாலிகள் சிரிப்பார்கள். "அதெல்லாம் இன்டர்நெட் பார்த்துக் கெட்டுப்போனவர்களின் புது மோகம்" என்பார்கள். யார் புதுசு, யார் பழசு என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

எகிப்தில் அபு குராபில் இருக்கும் நியுசெர்ரே மன்னனின் சூரியக் கோயிலில் தேன் எடுக்கும் காட்சி ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. வயது ஏறத்தாழ 4400 வருடம். அதில் இருப்பவை படுக்கவைத்த கூடுகள். இஸ்ரேலின் டெல் ரெஹோவில் 2007-ல் தோண்டியபோது ஏறத்தாழ 3000 வருடம் பழைய தேனீப் பண்ணையே கிடைத்தது. வரிசையாக மண் உருளைகள், ஒவ்வொன்றும் சுமார் 80 செ.மீ. நீளம், எல்லாம் கிடைமட்டம்.

பழங்கதையை விடுங்கள். பிரான்சில் 19-ம் நூற்றாண்டில் ஜார்ஜ் த லாயான்ஸ் என்ற தாவரவியலாளர் சட்டங்கள் கொண்ட நீளப் பெட்டியைத் தந்தார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்தப் பெட்டி ஸ்பெயினில் இன்றும் ஏராளமாகப் புழங்குகிறது. லாரியில் ஏற்றிப் பூ இருக்கும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோகிறார்கள். "நீளப் பெட்டி தொழிலுக்கு ஆகாது" என்பவர்கள் ஸ்பெயின் லாரிக்காரரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இதற்கு லெஷாக் என்று பெயர். படுத்திருப்பது என்று அர்த்தம்.

ஆக, மோகம் என்றால் மாடிப் பெட்டிதான் மோகம். லாங்ஸ்ட்ராத் பெட்டிக்கு இன்னும் 200 வயதுகூட ஆகவில்லை.

லாங்ஸ்ட்ராத் மேல் பழி இல்லை

அதற்காக லாங்ஸ்ட்ராத்தைத் திட்டினால் அது நன்றிகெட்ட வேலை. லொரென்சோ லாங்ஸ்ட்ராத் அமெரிக்கப் பாதிரியார். தேனீக்கள் 6 முதல் 9 மி.மீ. வரையிலான இடைவெளியை மட்டும் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கின்றன என்பதை 1851-ல் பிடித்தார். இடைவெளி அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும், கூடினால் அடை கட்டிவிடும். இந்த அளவை வைத்துச் சட்டங்களைத் தொங்கவிட்டால் கூட்டை உடைக்காமல் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். 1852-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் ஐரோப்பாவில் வைக்கோல் கூடையில் வளர்த்து, தேன் வேண்டுமென்றால் பல இடங்களில் கூட்டத்தையே கொன்றுதான் எடுத்தார்கள்.

ஆனால் அவர் கண்டுபிடித்தது இடைவெளியை. மாடியை அல்ல. அந்த இடைவெளி நீளப் பெட்டிக்கும் அப்படியே பொருந்தும். லாங்ஸ்ட்ராத் சட்டங்கள் முப்பதை ஒரே வரிசையில் தொங்கவிட்ட நீளப் பெட்டிகளே இருக்கின்றன.

பிறகு மாடி எப்படி ஜெயித்தது? 1865-ல் ஹ்ருஷ்கா அடையைச் சுழற்றித் தேன் எடுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். தேன் பெரிய வியாபாரம் ஆனது. ஆயிரம் கூடு வைத்திருப்பவருக்கு எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், லாரியில் இடம் வீணாகக் கூடாது. கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் லட்சக்கணக்கில் கூடுகள் போகின்றன. பெட்டிகளை இறக்குவது ஃபோர்க்லிஃப்ட். அந்தக் கணக்குக்கு மாடிப் பெட்டி பிரமாதம், மறுப்பே இல்லை.

கொல்லையில் இரண்டே இரண்டு கூடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற டீச்சருக்கு லாரி எதற்கு? ஃபோர்க்லிஃப்ட் எங்கே? வியாபாரியின் கேள்விக்கு எழுதிய விடையை டீச்சரின் தலையில் கட்டிவிட்டு, "இதுதான் தேனீ வளர்ப்பு" என்று சொல்வதுதான் தப்பு.

கென்யா செய்த வேலை

இதில் நன்றாகப் பாடம் சொல்லும் நாடு கென்யா. அங்கே வழக்கமான கூடு என்பது குடைந்த மரத்துண்டு. அதை உயரமான மரத்தில் தொங்கவிடுவார்கள். தேன் எடுக்க ராத்திரியில் ஏற வேண்டும். பல சமூகங்களில் மரம் ஏறுவது ஆண்கள் வேலை. பெண்களுக்குத் தேனீயே இல்லை.

1970-களின் தொடக்கத்தில் கனடா நாட்டு உதவியோடு, குவெல்ஃப் பல்கலைக்கழக நிபுணர்களும் சேர்ந்து அங்கே ஒரு பெட்டியைப் பரப்பினார்கள். மாட்டுத் தொட்டிபோலப் பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்த நீளப் பெட்டி. உள்ளே சட்டம் கிடையாது, மேலே வரிசையாகக் கட்டைகள் மட்டும். தேனீ அந்தக் கட்டையிலிருந்து தன் இஷ்டத்துக்கு அடையைத் தொங்கவிடும். கிரேக்க நாட்டுக் கூடைகளில் இதே யுக்தி இருந்ததை ஜார்ஜ் வீலர் என்ற பயணி 1682-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

இந்தப் பெட்டியைக் கம்பி கட்டி இடுப்பளவு உயரத்தில் தொங்கவிட்டால் எறும்பு ஏறாது, தேன்வளைக்கரடிக்கும் எட்டுவது கஷ்டம். முக்கியமாக, மரம் ஏற வேண்டாம். பெண்களும் வயதானவர்களும் தேனீ வளர்க்க வழி பிறந்தது. மரத்துண்டுக் கூடுகள் ஒழிந்துவிடவில்லை, இன்றும் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு பெட்டியின் வடிவத்தை மாற்றினால் யார் யார் உள்ளே வரமுடியும் என்பதே மாறும் என்று கென்யா காட்டிவிட்டது.

இன்னொரு லாபமும் உண்டு. ஆப்பிரிக்கத் தேனீ கோபக்காரத் தேனீ. மாடிப் பெட்டியைத் திறந்தால் கூரையையே பிய்த்த மாதிரி எல்லாச் சட்டமும் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு வரும். மேற்கட்டைகளோ ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் அவையே கூரை. ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் மட்டும்தான் சந்து. மற்ற தேனீக்கள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிற கொல்லைக்கு இது சின்ன விஷயமா?

செய்வது எப்படி?

தச்சு வேலை பெரிய வித்தை இல்லை. கட்டைகளின் நீளம் 48 செ.மீ. போதும். பெட்டி ஆழம் 25 முதல் 30 செ.மீ. பக்கப் பலகைகள் நேர்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்வு. கட்டை அகலம்தான் உயிர்நாடி. ஐரோப்பியத் தேனீக்கு 35 மி.மீ., ஆப்பிரிக்கத் தேனீக்கு 32 மி.மீ. இதில் அலட்சியம் காட்டினால் தேனீ ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குக் குறுக்கே அடை கட்டிவிடும். அப்புறம் எதையும் பிரிக்க முடியாது. கட்டையின் அடியில் நடுவாக ஒரு கூரான விளிம்பு வைத்து மெழுகு பூசிவிட்டால் அங்கேதான் கட்ட வேண்டும் என்று தேனீ புரிந்துகொள்ளும். பெட்டியை மட்டம் பார்த்து வைக்க வேண்டும். தேனீ தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேர்கீழாகத்தான் கட்டும், பெட்டி சாய்ந்திருந்தால் அடை சுவரில் போய் ஒட்டும். கூட்டம் சின்னதாக இருக்கும்போது இடத்தைக் குறைத்து வைக்க உள்ளே ஒரு தடுப்புப் பலகை.

தேன் எடுப்பது அதைவிடச் சுலபம். மூடிய தேனடையை அறுத்து, நசுக்கி, துணியில் வடிகட்டினால் முடிந்தது. எந்திரம் வேண்டாம்.

குறையே இல்லையா?

இருக்கிறது. தேன் பொதுவாகக் குறைவாகத்தான் வரும். அடையை நசுக்குவதால் தேனீ மறுபடி கட்ட வேண்டும். ஒரு கிலோ மெழுகு செய்ய ஆறேழு கிலோ தேனைத் தேனீ தின்றாக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சட்டம் இல்லாத புது அடை வெயிலில் வெண்ணெய் மாதிரி. பக்கவாட்டில் சாய்த்தால் பிய்ந்து விழும். குளிர்நாட்டில் கூட்டம் பெட்டியின் நடுவில் இருந்தால் குளிர்காலத்தில் ஒரு பக்கமாகத் தின்றுகொண்டே போய், மறுபக்கத்தில் தேன் இருக்கும்போதே பட்டினியில் சாகும். அதனால் கூட்டத்தை ஒரு கோடியில் வைத்து, தேன் முழுவதும் ஒரே பக்கம் இருக்கும்படி செய்ய வேண்டும்.

இவை எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் எதுவுமே முதுகை உடைக்காது. கவனமும் கொஞ்சம் பொறுமையும் கேட்கும், அவ்வளவுதான். தேன் குறைகிறது என்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். முதுகுவலியால் மூன்றாம் வருடமே தேனீயை விட்டவருக்கு நாலாம் வருடம் கிடைத்த தேன் எத்தனை கிலோ?

திறக்காதே என்னும் சாமியார்கள்

மாடிப் பெட்டிக்காரர்களைவிட நீளப் பெட்டிக்கு அதிகக் கெட்ட பெயர் வாங்கித் தருபவர்கள் அதன் பக்தர்களே. "இது இயற்கைக் கூடு. தேனீக்கு எல்லாம் தெரியும். திறக்காதே, தொடாதே" என்று உபதேசம் செய்கிறார்கள்.

வரோவா என்ற உண்ணி ஆசியத் தேனீயிடமிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தாவியது. 1987-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2022-ல் ஆஸ்திரேலியாவில் நியூகாசில் துறைமுகத்தில் தென்பட்டு அங்கேயும் பரவிவிட்டது. பெட்டி நின்றால் என்ன, படுத்தால் என்ன, உண்ணிக்குக் கவலையில்லை. கவனிக்காமல் விட்ட கூடு சாவதோடு நிற்காது, அக்கம்பக்கத்துக் கூடுகளுக்கும் உண்ணியை அனுப்பிவைக்கும். அடையை எடுத்துப் பார்க்க முடிகிற கூடுதான் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே இருப்பது சும்மா இல்லை.

நீளப் பெட்டியின் பெரிய பெருமையே எதையும் தூக்காமல் அடிக்கடி பார்க்க முடிகிறது என்பதுதான். அதை வாங்கிவைத்துவிட்டுத் திறக்காமல் இருப்பது, மூக்குக்கண்ணாடி வாங்கிக் கண்ணை மூடிக்கொள்கிற கதை.

கடைசியாக

ஒரு பெட்டியின் தரத்தை அது தரும் தேனை வைத்து மட்டும் அளப்பது வியாபாரியின் தராசு. கொல்லைக்காரருக்கு வேறு தராசு வேண்டும். இதை ஒற்றை ஆளாகத் திறக்க முடியுமா? மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அலுக்காமல் பார்க்க முடியுமா? பத்து வருடம் கழித்தும் முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லும் பெட்டி நல்ல பெட்டி. பெரும்பாலானவர்களுக்கு அது படுத்திருக்கும் பெட்டியாகத்தான் இருக்கும்.

கொசுறு: இதைப் படித்துவிட்டு மார்த்தாண்டத்துக்காரர் யாரும் கோடாரி எடுக்க வேண்டாம். அடுக்குத் தேனீ வளர்க்கும் நியூட்டன் பெட்டியும் மாடிப் பெட்டிதான். ஆனால் 1910-களில் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் அதைச் செய்தபோது அமெரிக்கப் பெட்டியைக் காப்பி அடிக்கவில்லை. சின்னத் தேனீக்குச் சின்னப் பெட்டி. கீழறையில் ஏழே சட்டம். மேலறையை யாரும் மூச்சு வாங்காமல் தூக்கலாம். தேனீயையும் ஆளையும் பார்த்துப் பெட்டி செய்தால் மாடி இருந்தாலும் பரவாயில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.