பழைய வீட்டுக்குப் புது விலை!

புதுவை நகரத்தில் பழைய வீடுகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மஞ்சள் சுண்ணாம்பு பூசி, கதவுக்கு மெருகேற்றி, முற்றத்தில் நாலு பூந்தொட்டி வைத்து, "பாரம்பரிய வீடு" என்று பட்டம் சூட்டிக் கோடிக்கணக்கில் விலை சொல்கிறார்கள். பணக்காரன் விற்கிறான், பணக்காரன் வாங்குகிறான், வில்லியனூரிலும் பாகூரிலும் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும்.

வேலை இருக்கிறது. அந்த வீடுகளில் சிலவற்றின் பாகஸ்தர்கள் நம் கொம்யூன்களில் குடியிருக்கிறார்கள். பாட்டன் வீட்டில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று பேருக்கு ஒரு பாத்தியதை. அதை வாங்க வரும் தரகன், "இடிந்த சுவர், ஒழுகுகிற தளம், இதற்கு எவன் பணம் கொடுப்பான்?" என்கிறான். கைமாறிச் செப்பனிட்ட பிறகு அதே வாய், "இப்படிப்பட்ட வீடு இனிமேல் கிடைக்காது" என்கிறது. போதாதற்கு, மனை பிரித்து விற்பவர்களும் நகரத்து விலையைச் சொல்லியே நம் பக்கத்து நிலத்துக்கும் விலை ஏற்றுகிறார்கள். ஆகவே அந்த விலை நியாயமானதா என்று பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு.

எப்படிப் பார்ப்பது? விலை ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று சரக்கு இருக்கிறது. நிலம் ஒன்று, கட்டிடம் ஒன்று, பெயர் ஒன்று.

நிலத்துக்கு மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கும் வெள்ளை நகரம் இனி ஓர் அடிகூட வளராது. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களிலும் இடம் நெருக்கம்தான். ஆனால் அந்த நில மதிப்பு செப்பனிடுவதற்கு முன்பும் இருந்ததே! பாகஸ்தனிடம் வாங்கும்போது மட்டும் அது எங்கே ஒளிந்துகொண்டது? பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் முந்தைய கிரயங்கள் தெரியும். பத்திரத்தில் குறைத்து எழுதும் வழக்கம் நாடறிந்தது; எனினும் அதே தெருவில் செப்பனிடாத வீடு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தால் நிலத்தின் கணக்கு ஏறக்குறையக் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது கட்டிடம். இங்கேதான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். இதை முறையாகச் செப்பனிட நாளும் பிடிக்கும், தேர்ந்த கையும் வேண்டும். ஆனால் அவசர லாபக்காரன் என்ன செய்கிறான்? சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசி, அதன் மேல் பளபளப்பான வர்ணம் அடிக்கிறான். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். சில மழைக்காலம் கழிந்தால் பூச்சு பொரிந்து உதிரும். உத்தரத்தின் நடுப்பகுதி மெருகோடு மின்னும். சுவருக்குள் புதைந்த முனையைக் கரையான் தின்றிருக்கும். நம் ஊர்க் கொத்தனாரையும் தச்சரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் தட்டிப் பார்க்கச் சொன்னால், எந்த மதிப்பீட்டாளரும் சொல்லாததைச் சொல்வார்கள். கடற்கரையில் சர்க்காரின் கையிலேயே இருந்த மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. உலக வங்கிப் பணத்தில் அதே சாயலில் திரும்பக் கட்டி, 2021இல்தான் திறந்தார்கள்.

மிச்சம் இருப்பது பெயர். அதன் விலையைக் கண்டுபிடிக்க வாடகைதான் தராசு.

ஓர் உதாரணத்துக்கு, நாலு கோடி கேட்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் 40,000 ரூபாய் வாடகை கொடுத்தால் வருஷத்துக்கு 4,80,000. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு ஒன்றேகால்கூடத் தேறவில்லை! அதே நாலு கோடியை ஆறு சதவீத வட்டிக்குப் போட்டால் 24 லட்சம். சரி, குடும்பத்துக்கு விடாமல் விடுதியாக்கினால்? நாலு அறை, அறைக்கு இரவு 5,000, வருஷத்தில் பாதி நாள் நிரம்பினால் சுமார் 36 லட்சம். சம்பளம், மின்சாரம், வரி, கமிஷன், பழுது என்று பாதி போனால் கையில் நிற்பது 18 லட்சம். அப்போதும் வட்டிக்கு எட்டவில்லை. பிறகு எதை நம்பி நாலு கோடி? நாளைக்கு ஒருவன் ஐந்து கோடி கொடுப்பான் என்ற நம்பிக்கை ஒன்றுதான். இதற்கு வியாபாரிகள் "முதலீடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் இது சூதாட்டம். அந்த விலை மிகையான விலை.

இந்தக் கணக்கில் அடிபடுகிறவன் யார்? நகரத்தில் வாடகைக்கு இருந்த குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும். குடும்பம் தரும் வாடகையை விடுதி பல மடங்காகத் தரும்போது அவர்களை எவன் வைத்திருப்பான்? வில்லியனூருக்கு வருகிறார்கள், இங்கே வாடகை ஏறுகிறது, காலையில் அதே நகரத்துக்கு வேலைக்குப் போகப் பஸ்ஸில் தொங்குகிறார்கள்.

பழைய வீடுகளைக் காப்பாற்றக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. இடித்துத் தள்ளிக் கான்கிரீட் பெட்டி கட்டுவதைவிடக் காப்பது ஆயிரம் மடங்கு மேல். 2002க்குப் பிறகு வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பு வீட்டு முகப்புகளைச் சீர்படுத்தியது. தெருவுக்குத் திண்ணையும் தாழ்வாரமும் திரும்ப வந்தன. நல்ல காரியம். ஆனால் பொதுப்பணத்தால் தெருவின் அழகு கூடினால் அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டின் விலையும் கூடுகிறது. ஊர்ப்பணம் உண்டாக்கிய மதிப்பு தனி ஆளின் பையில் விழலாமா? செப்பனிட உதவி பெற்றவர் இத்தனை வருஷம் விற்கக் கூடாது, விடுதியாக்கக் கூடாது என்று நிபந்தனை வைக்கட்டும். விடுதியாக ஓடும் வீட்டுக்கு விடுதிக்குரிய வரியையே போடட்டும். வசதியற்ற பாகஸ்தர்கள் தாங்களே செப்பனிட்டுக் குடியிருக்கக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கட்டும்.

சர்க்கார் இதையெல்லாம் செய்யும்வரை தரகன் காத்திருக்க மாட்டான். ஆகையால் பாகம் வைத்திருப்பவர்கள் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பங்காளிகளும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து, அதே தெருவில் செப்பனிட்ட வீட்டுக்கு இன்று என்ன விலை கேட்கிறார்கள் என்பதையும், செப்பனிட என்ன செலவாகும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தரகன் வந்தால் அந்தத் தாளை முன்னால் வைத்துப் பேசுங்கள்.