கட்டுச்சோறு போதும் நமக்கு

நம் பள்ளிக்கு இணையதளம் தொடங்கலாம்னு பேச்சு நடக்குது. தரவுத்தளம், கடவுச்சொல் எல்லாம் வச்சுப் பெரிசா செய்யணும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்த மாதிரி தளம் யாராவது திறக்கும்போதுதான் பக்கத்தையே தயாரிக்கும். வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனியா உலை வைக்கிற கதை. நிலையான பக்கம் என்பது கட்டுச்சோறு. முன்னாடியே செஞ்சு வச்சது, பிரிச்சா போதும். 2008-ல் வந்த ஜெக்கில், ஹாஸ்கெல் மொழியில் எழுதின ஹாக்கில் இரண்டுமே நாம் தட்டச்சு செய்த சாதாரணக் கோப்பைப் பக்கமா மாத்தித் தரும். ஹாஸ்கெல் கணக்குச் சார்பு மாதிரி: 2 போட்டு 5 வந்தா, எப்பப் போட்டாலும் 5 தான்.

ஒரு வரி திருத்தினா எல்லாத்தையும் மறுபடி செய்யணுமோ? வேண்டாம். 1976-லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். மாறின கோப்பையும் அதை நம்பியிருக்கிற கோப்புகளையும் மட்டும் அது திரும்பச் செய்யும். இந்தச் சுவரிலும் பிழை வந்த தாளைத்தானே மாத்தி ஒட்டுறோம்!

பதிவு எண் போட்டு மதிப்பெண் பார்க்க இது உதவாது, உண்மைதான். நமக்கு வேண்டியதோ கட்டுரை, ஆண்டுவிழா படம், விடுமுறை அறிவிப்பு. ஆய்வகத்தில் நெட் விட்டு விட்டுத்தான் வருது; நிலையான பக்கத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய் நெட் இல்லாமலே திறக்கலாம். பழுது பார்க்க வெளியாள் வரணும்னு காத்திருக்கவும் வேண்டாம்.

கணினி ஆசிரியர் சம்மதிச்சா, காலாண்டு விடுமுறையில் நாங்க நாலு பேர் இந்த இதழையே முதலில் மாத்திக் காட்டுறோம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி